கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை: டிராலி ஸ்பீக்கரோடு பவர்டு ஸ்பீக்கர் சேர்த்த ஒரு கிராம சபை

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஆனால் பல ஊராட்சி அலுவலகங்களில் இருப்பதோ சக்கரம் வைத்த ஒற்றை டிராலி ஸ்பீக்கர். அறைக்குள் அறுபது எழுபது பேருக்கு அது தாராளம். வெட்டவெளியில் இருநூறு பேர் உட்கார்ந்துவிட்டால், வரவு செலவை வாசிக்கும்போது பின்னாலிருந்து "கேக்கல... கேக்கல" என்றுதான் சத்தம் வரும்.

இங்கே எடுத்துக்கொண்டது அப்படியான ஓர் அக்டோபர் 2 கூட்டம். பள்ளி மைதானத்தில் 15 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளத்துக்குச் சாமியானா. சுமார் 250 பேர். ஊராட்சியின் டிராலி ஸ்பீக்கர் 12 அங்குலம். இரண்டு கார்டுலெஸ் மைக், புளூடூத், பென்டிரைவ் வசதி, உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி. துணைக்கு வாடகைக்கு எடுத்தவை, ஸ்டாண்டுடன் இரண்டு 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர்கள், அதாவது உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) வைத்த பெட்டிகள். கூட்டம் 11 மணிக்கு. இணைப்பு வேலை 10 மணிக்குத் தொடங்கியது. அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்று மாற்றி ஒன்றாகக் கோளாறு வந்தது. அவற்றில் ஒன்றுகூட வாட் குறைவால் வந்ததல்ல.

வாட்டைக் கூட்டினால் போதாதா?

போதாது. தூரம் இருமடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். டிராலி ஸ்பீக்கரிலிருந்து 1 மீட்டரில் 100 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், 4 மீட்டரில் 88, 8 மீட்டரில் 82, 16 மீட்டரில் 76, கடைசி வரிசையில் 70. இருநூறு பேர் கூடிய இடத்தில் பேச்சுச் சலசலப்பே 60 முதல் 65 வரை இருக்கும். வார்த்தை வார்த்தையாகப் புரிய, சலசலப்பைவிடக் குரல் குறைந்தது 10 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும். கடைசி வரிசைக்காக டிராலியையே இன்னும் 10 டெசிபல் ஏற்றினால், முன்வரிசைப் பாட்டிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள், மைக்கும் கூவ ஆரம்பிக்கும். 10 டெசிபல் ஏற்றுவதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும் என்பது வேறு.

வாட் என்றதும் ஒரு விஷயம். பெட்டியின் மேல் எத்தனை ஆயிரம் வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேரடியாக ஓடும் ஆம்ப், 4 ஓம் ஸ்பீக்கரில் பிரிட்ஜ் முறையில் (ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் ஆம்ப் ஓட்டும் முறை) தரக்கூடிய சுத்தமான சக்தி சுமார் 18 வாட்தான். பேட்டரி வோல்ட்டை உள்ளே உயர்த்தும் சர்க்யூட் இருந்தால் மட்டுமே அதற்கு மேல். எனவே தேவைப்பட்டது பெரிய பெட்டி அல்ல. பின்வரிசைக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு பெட்டி.

முதல் தவறு: தவறான ஓட்டை

டிராலியின் பின்பக்கத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று "எக்ஸ்டர்னல் ஸ்பீக்கர்" என்று எழுதிய பி-38 (6.35 மி.மீ.) ஜாக். மற்றது "லைன் அவுட்" என்று எழுதிய சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஜோடி. கைவசம் இருந்த ஒயரில் இரண்டு முனையும் பி-38 பின். பவர்டு ஸ்பீக்கரின் காம்போ ஜாக்கிலும் (இரண்டு வகைப் பின்னையும் ஏற்கும் ஓட்டை) பி-38 போகும். ஆக ஒயர் தானாகவே எக்ஸ்டர்னல் ஸ்பீக்கர் ஓட்டைக்குப் போயிற்று. வெளியே "ஸ்பீக்கர்" என்று எழுதியிருக்கிறது, சேர்ப்பதும் ஸ்பீக்கர்தானே!

வந்தது குரல் அல்ல, தகரத்தைத் தேய்க்கிற சத்தம். பவர்டு ஸ்பீக்கரின் குமிழைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தும் சிக்னல் அளவு மீறியதைக் காட்டும் சிவப்பு கிளிப் விளக்கு அணையவில்லை.

அந்த ஜாக் ஆம்ப்பைத் தாண்டிய பிறகு வருவது. 18 வாட், 4 ஓம் என்றால் அங்கே 8.5 வோல்ட் ஓடும். பவர்டு ஸ்பீக்கர் தனக்குள்ளேயே ஆம்ப் வைத்திருப்பது. அது எதிர்பார்ப்பது லைன் சிக்னல், அதாவது 0.3 முதல் 1.2 வோல்ட். 0.3-ஐ ஒப்பிட்டால் சுமார் 28 மடங்கு போய் மோதியது. போதாக்குறைக்கு இன்புட் சுவிட்ச் "மைக்" பக்கம் இருந்தது. குமிழுக்கு முன்னாலேயே இன்புட் சர்க்யூட் நிரம்பி வழிந்துவிட்டதால், குமிழைக் குறைத்துப் பயனில்லை. கிழிந்த சத்தம் சின்னதாகக் கேட்கும், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று நூலிழையில் தப்பியது. பிரிட்ஜ் முறை ஆம்ப்பில் மைனஸ் முனை எர்த் அல்ல; அதிலும் சிக்னல் ஓடுகிறது, பேட்டரி வோல்ட்டில் பாதியும் நிற்கிறது. அதைப் பவர்டு ஸ்பீக்கரின் ஸ்லீவில், அதாவது கரண்ட் எர்த்தில் கட்டிவிட்டோம். டிராலி பேட்டரியில் தனியாக மிதந்துகொண்டிருந்ததால் பிழைத்தது. அதே நேரத்தில் எர்த்தோடு சேர்ந்த இன்னொரு கருவியின் ஒயரும் டிராலியில் செருகியிருந்தால், வட்டம் முழுமையாகி ஆம்ப் ஐசி அங்கேயே போயிருக்கும்.

கரண்டில் ஓடும் மைக்செட் ஆம்ப்களில் இன்னும் கவனம் வேண்டும். 100 வாட், 8 ஓம் வெளியீட்டில் 28 வோல்ட். குழாய் ஸ்பீக்கர்களுக்கு நீள ஒயர் இழுக்க வைத்திருக்கும் 100 வோல்ட் லைன் முனையில் பெயருக்கேற்ப 100 வோல்ட். அதைப் பவர்டு ஸ்பீக்கரில் செருகினால் சோதித்துப் பார்க்க இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. டிராலியில் லைன் அவுட் இல்லவே இல்லை என்றால், ஸ்பீக்கர் வோல்ட்டை வாங்கி, குறைத்துத் தருகிற டிரான்ஸ்ஃபார்மர் டிஐ பாக்ஸ் ஒன்றை நடுவில் வைக்கலாம். "ஸ்பீக்கர்" என்ற சுவிட்ச் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எல்லா டிஐ பாக்ஸும் அதைத் தாங்காது.

பாட்டு கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை

ஒயர் லைன் அவுட்டுக்கு மாறியது. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் ஒயர்: ஒரு பக்கம் இரண்டு ஆர்சிஏ, மறுபக்கம் ஒரு ஸ்டீரியோ பி-38. சுவிட்சும் "லைன்" பக்கம் வந்தது. பென்டிரைவில் தேசபக்திப் பாடல் போட்டால் பவர்டு ஸ்பீக்கரில் கேட்கிறது. ஆனால் வயிற்றில் காற்று மட்டும் இருப்பதுபோல் மெலிசாக, பாடகர் குரல் எங்கோ ஒளிந்துகொண்டதுபோல். மைக்கில் பேசினால் டிராலியில் மட்டும் வருகிறது, பவர்டு ஸ்பீக்கரில் சுத்தமாக இல்லை. பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் சொன்னதுதான் கோளாறின் துல்லியமான விவரிப்பு: "தம்பி, பாட்டு கேக்குது, நீ பேசுறது கேக்கலையே!"

இந்த இடத்தில் பலரும் மைக்கைச் சந்தேகிப்பார்கள். பேட்டரி மாற்றுவார்கள், ஃப்ரீக்வென்சி மாற்றுவார்கள். மைக்கில் ஒன்றுமில்லை. பவர்டு ஸ்பீக்கரின் இன்புட் பேலன்ஸ்டு வகை. பி-38 பின்னின் நுனிக்கும் வளையத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் அது பெரிதாக்கும். இரண்டிலும் ஒரே மாதிரி வருவதைக் கழித்துத் தள்ளிவிடும். வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சலை நீக்க வைத்த ஏற்பாடு இது. ரெடிமேடு ஒயரோ இடது சேனலை நுனிக்கும் வலது சேனலை வளையத்துக்கும் கொண்டுவருகிறது. மைக் ஒலி இரண்டு சேனலிலும் ஒன்றேதான். கழித்தால் பூஜ்யம். பாட்டில் இடதும் வலதும் சற்றே மாறுபடும் வாத்தியங்கள் மட்டும் மிஞ்சும்; நடுவில் நிற்கும் பாடகர் குரல் போய்விடும். மொபைலின் இபி பின்னிலிருந்து (3.5 மி.மீ. ஹெட்போன் பின்) கேனானுக்கு (மூன்று முள் எக்ஸ்எல்ஆர் பின்) வரும் பல ரெடிமேடு ஒயர்களிலும் இதே கதைதான்.

அந்த நேரத்துக்குச் செய்தது: வெள்ளை ஆர்சிஏ மட்டும் லைன் அவுட்டில், சிவப்பைக் கழற்றி, அதன் நடு முள்ளையும் வெளி வளையத்தையும் ஒரு கம்பித் துண்டால் ஒட்டி, டேப் சுற்றித் தொங்கவிட்டது. வளையம் எர்த்துக்குப் போய்விட்டது, பேச்சு வந்துவிட்டது. அப்படி ஒட்டிய பின்னை மறந்துபோய்த் திரும்பவும் டிராலியில் செருகக் கூடாது.

முறையாகச் செய்ய வேண்டிய ஒயர் இது. இரண்டு கோர் (உட்கம்பி), மேலே ஷீல்டு (வலைக்கம்பி உறை) உள்ள மைக் ஒயர். ஆர்சிஏ முனையில் சிவப்புக் கோர் நடு முள்ளுக்கு. இன்னொரு கோரும் ஷீல்டும் சேர்த்து வெளி வளையத்துக்கு. கேனான் முனையில் ஷீல்டு 1-ஆம் பின், சிவப்பு 2, மற்றது 3. நீளமாக இழுக்கும்போது ஒரு கோர் ஒயரைவிட இதில் இரைச்சல் குறையும். பேச்சுக்கு ஒரு சேனல் போதும். பாட்டிலும் இரண்டு சேனல் வேண்டும் என்றால் இடது, வலது ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, அதன் பிறகு இரண்டையும் ஒன்றாக்கி 2-ஆம் பின்னுக்குக் கொடுக்க வேண்டும். ரெசிஸ்டர் இல்லாமல் வெறுமனே முறுக்கிவிட்டால் இரண்டு வெளியீடும் ஒன்றையொன்று இழுத்து மல்லுக்கட்டும்.

இரண்டாவது பவர்டு ஸ்பீக்கருக்கு டிராலியிலிருந்து தனி ஒயர் தேவையில்லை. முதல் ஸ்பீக்கரின் "லிங்க்" ஓட்டையிலிருந்து அடுத்ததன் இன்புட்டுக்கு ஒரு கேனான் ஒயர் போதும். "ரெண்டு ஸ்பீக்கர் சேர்த்தா ஓம் குறைஞ்சிடாதா?" என்ற பயம் இங்கே வேண்டாம். உள்ளே ஆம்ப் இல்லாத 8 ஓம் பாசிவ் பெட்டி இரண்டைச் சேர்த்தால் 4 ஓம், நான்கைச் சேர்த்தால் 2 ஓம், ஆம்ப் சூடாகும். அது வேறு உலகம். பவர்டு ஸ்பீக்கரின் இன்புட் பொதுவாக 10 முதல் 20 ஆயிரம் ஓம். சில நூறு ஓம் உள்ள லைன் அவுட்டுக்கு இரண்டு மூன்று சேர்ப்பது சுமையே இல்லை.

உறுமல்

10.30-க்கு மடிக்கணினி வந்தது. ஊராட்சிச் செயலர் கணக்குப் படங்களைத் திரையில் காட்ட, அதன் ஒலியை இபி ஒயரில் டிராலியின் ஆக்ஸ் இன்புட்டுக்குக் கொடுத்தார்கள். கொடுத்த கணமே மூன்று ஸ்பீக்கரிலும் "ம்ம்ம்" என்று உறுமல்.

மடிக்கணினியின் மூன்று முள் சார்ஜர் பள்ளி அறைக்குள்ளிருந்து கரண்ட் எடுத்தது. பவர்டு ஸ்பீக்கர்கள் பந்தல்காரர் இழுத்த லைனிலிருந்து. இரண்டு எர்த்துக்கும் நடுவே சிறு வோல்ட் வித்தியாசம் இருக்கும். ஆடியோ ஒயரின் ஷீல்டு இரண்டையும் சேர்த்ததும் அந்த வழியே கரண்ட் ஓடி, 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ஒலியில் ஏறிவிட்டன. கண்டுபிடிப்பது சுலபம்: சார்ஜரைப் பிடுங்கினால் உறுமல் நிற்கும். நின்றது.

கூட்டம் முடியும்வரை மடிக்கணினியை அதன் பேட்டரியிலேயே ஓட்டினார்கள். நிரந்தர வழி இரண்டு. எல்லாக் கருவிக்கும் ஒரே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து கரண்ட் கொடுப்பது. அல்லது ஆடியோ வழியில் இரு பக்க எர்த்தையும் பிரித்துவைக்கும் 600 ஓம், 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது. ஒயரின் ஒரு முனையில் மட்டும் ஷீல்டை விடுவிப்பதும் பல நேரம் வேலை செய்யும். செய்யவே கூடாத ஒன்றைத்தான் பந்தல்களில் அதிகம் பார்க்க முடிகிறது: கரண்ட் பிளக்கின் மேல் முள்ளை உடைத்து எர்த்தை வெட்டுவது. உறுமல் போகும். கூடவே, ஈர மண்ணில் வெறுங்காலோடு மைக் ஸ்டாண்டைப் பிடிப்பவருக்கு இருந்த பாதுகாப்பும் போகும்.

டிராலியின் சொந்த சார்ஜரையும் கூட்ட நேரத்தில் மாட்டாமல் இருப்பது நல்லது. மலிவான இரண்டு முள் சார்ஜர்கள் மெல்லிய "ஜ்ஜ்" ஒன்றைச் சேர்க்கும். முந்தின இரவே முழுதாக ஏற்றி வைத்தால், நல்ல நிலையில் உள்ள பேட்டரி பேச்சுக் கூட்டம் ஒன்றைத் தாங்கும்.

ஒரே வார்த்தை இரண்டு முறை

முதலில் பவர்டு ஸ்பீக்கர்களைக் கடைசி வரிசைக்குச் சற்று முன்னால், டிராலியிலிருந்து 26 மீட்டரில் நிறுத்தியிருந்தார்கள். யாருக்குக் கேட்கவில்லையோ அவர்கள் பக்கத்தில் வைப்பது என்ற கணக்கு. இப்போது பின்வரிசைக்குச் சத்தம் தாராளமாக வந்தது. ஆனால் "தீர்மானம் தீர்மானம்", "குடிநீர் குடிநீர்" என்று ஒவ்வொரு சொல்லும் இரட்டையாக.

ஒயரில் சிக்னல் தாமதமே இல்லாமல் போய்விடும். காற்றில் ஒலிக்கு, 30 டிகிரி வெயிலில், மீட்டருக்குச் சுமார் 2.9 மில்லி விநாடி ஆகும். 26 மீட்டருக்கு 75 மில்லி விநாடி. பின்வரிசைக்காரர் பக்கத்துப் பெட்டியில் கேட்டு முடித்த சொல்லை டிராலி பின்தொடர்ந்து வந்து திரும்பச் சொல்கிறது. முப்பது முப்பத்தைந்து மில்லி விநாடிக்குள் வந்தால் காது இரண்டையும் ஒரே ஒலியாகச் சேர்த்துக்கொள்ளும். ஐம்பதைத் தாண்டினால் பேச்சில் எதிரொலியாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும்.

டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகக் கையாளும் சில்லு) உள்ள பவர்டு ஸ்பீக்கர் என்றால் மெனுவில் ஒலியைத் தாமதப்படுத்தும் "டிலே" இருக்கும். 26 மீட்டருக்கு 75, அதோடு 10 சேர்த்து 85 மில்லி விநாடி வைத்தால் போதும். அந்த உபரி 10, குரல் மேசைப் பக்கமிருந்தே வருவதாகக் காதை நம்பவைக்கும். வாடகைக்கு வந்த பெட்டிகளில் டிலே இல்லை. அதனால் பெட்டிகளையே நகர்த்தினார்கள்: டிராலியிலிருந்து 11 மீட்டரில், பந்தலின் இரு ஓரமும், பின்வரிசையைப் பார்த்து. 11 மீட்டருக்கு 32 மில்லி விநாடி. எதிரொலி மறைந்தது. கடைசி வரிசை இப்போது பக்கப் பெட்டியிலிருந்து 19 மீட்டர் தள்ளி என்றாலும், இரண்டு பெட்டியும் டிராலியும் சேர்ந்து 75 டெசிபல் பக்கம் வந்துவிட்டன. குரல் பக்கவாட்டிலிருந்து வருவதுபோல் இருக்கும். நாடகத்துக்கு அது குறை. வரவு செலவுக்குக் குறையில்லை.

ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு டிராலிகளை புளூடூத்தில் ஜோடி சேர்ப்பவர்கள் உண்டு. பாட்டுக்குச் சரி. புளூடூத் தானாகவே நூறு மில்லி விநாடிக்கு மேல் தாமதம் சேர்க்கக்கூடியது. பல பெட்டிகளில் மைக் ஒலி அந்த வழியில் போவதே இல்லை. ஒயரே இழுக்க முடியாத இடத்தில் இதைவிட நல்ல வழி, சாதாரண அனலாக் கார்டுலெஸ் மைக்குக்கு அதே ஃப்ரீக்வென்சியில் இரண்டாவது ரிசீவர் ஒன்றை வைப்பது. ஒரே மைக்கை இரண்டு ரிசீவரும் ஒரே நேரத்தில் வாங்கும். அந்த மைக் மட்டும்தான் போகும், மற்ற ஒலி போகாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அளவும் கூவலும்

அளவு வைத்த விதம்: டிராலியை முதலில் போட்டு, முன்வரிசைக்குத் தேவையான அளவுக்கு வைத்தார்கள். பவர்டு ஸ்பீக்கர்களைக் கடைசியில், குமிழ் பூஜ்யத்தில் வைத்துப் போட்டார்கள். அணைக்கும்போது இவைதான் முதலில். இல்லாவிட்டால் "தொம்" என்று ஓர் அடி விழும். ஒருவர் ஒரே சீராகப் பேச, இன்னொருவர் 20 மீட்டரில் நின்று கையசைக்க, குமிழ் நடுக்கோட்டைச் சற்றுத் தாண்டியது. ஆர்சிஏ வெளியீடு பவர்டு ஸ்பீக்கர் விரும்பும் அளவைவிடச் சுமார் 12 டெசிபல் குறைவு என்பதால் அது இயல்பே. சுவிட்சை மைக் பக்கம் தள்ளி ஈடுகட்டினால் "ஸ்ஸ்" என்ற இரைச்சலும் கூடவே ஏறும்.

அப்புறம்தான் லைன் அவுட்டின் குணம் தெரிந்தது. டிராலியின் மாஸ்டர் குமிழைக் குறைத்தால் டிராலி மட்டும் குறைகிறது, பக்கப் பெட்டிகள் அப்படியே கத்துகின்றன. இந்த மாடலில் லைன் அவுட் மாஸ்டருக்கு முன்னாலேயே பிரிகிறது. மாஸ்டரைப் பூஜ்யமாக்கிப் பார்த்தால் எந்த வகை என்று பத்து விநாடியில் தெரியும். அதன் பிறகு மாஸ்டரைத் தொடக் கூடாது என்று முடிவாயிற்று. ஏற்றுவதும் இறக்குவதும் மைக் குமிழில் மட்டும்.

கூவல் வந்தது பொதுமக்கள் மைக்கில். கேள்வி கேட்பவர் பக்கப் பெட்டியின் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், மைக்கையும் மார்புக்கு நேரே பிடிக்கிறார். வாயிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருக்க வேண்டிய மைக் 20 சென்டிமீட்டருக்குப் போனால் குரல் 12 டெசிபல் குறையும். அதை ஈடுகட்டக் குமிழை ஏற்றினால் கூவாமல் என்ன செய்யும்? மைக்கை எடுத்துப்போன இளைஞருக்குச் சொன்னவை மூன்றே: வாயருகே பிடிக்கச் சொல், வலைத் தலையைக் கையால் பொத்தவிடாதே, பக்கப் பெட்டிக்கு நேர் முன்னால் மூன்று மீட்டருக்குள் மைக்கை ஆன் செய்யாதே. மேசை மைக் அந்த நேரத்தில் ஆஃப். திறந்திருக்கும் மைக் ஒன்று இரண்டானால் 3 டெசிபல் இழப்பு. பேஸ் குமிழ் நன்றாகக் கீழே. பேச்சுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் வேண்டியதில்லை.

கடைசியாக மிஞ்சியது பள்ளிச் சுவர். பின்வரிசையிலிருந்து 18 மீட்டர் தள்ளி நின்ற அந்த வெற்றுச் சுவர், போய்வர 36 மீட்டர், 100 மில்லி விநாடிக்கு மேல் கழித்துச் சொற்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பெட்டிகள் இரண்டு மீட்டர் உயரத்தில் நேராக நின்றதால் ஒலி தலைகளுக்கு மேலாகப் போய் நேரே சுவரில் விழுந்தது. பெட்டியின் அடியில் ஸ்டாண்டுக்கு இரண்டு குழிகள்: ஒன்று நேர், மற்றது சில டிகிரி முன்சரிவு. குமிழைப் பூஜ்யமாக்கி, ஒருவர் ஸ்டாண்டைப் பிடிக்க இருவர் பெட்டியைத் தூக்கிச் சரிவுக் குழியில் இறக்கினார்கள். ஒலி இப்போது சுவருக்குப் பதில் பின்வரிசைக்காரர்கள் மேல் இறங்கியது. இரண்டாவது பெட்டி மாறும்போது மணி 11.05, மேசையில் பொருள்நிரல் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள், பின்னாலிருந்து யாரும் குறுக்கிடவில்லை.